ஒன்றரை ஷிப்டுக்குப் பிறகு

ஞாயிறு

இந்த வட்டாரத்தில் வாரக் கணக்கு சனிக்கிழமை சாயங்காலம் முடிகிறது. பனியன் கம்பெனிகளில் அன்றைக்குத்தான் சம்பளப் பட்டுவாடா. ஞாயிறு ஒரு நாள் துணி துவைக்க, தூங்க, திருப்பூர்க் கடைவீதிக்குப் போய்வர, ஊரில் இருப்பவர்களோடு போனில் பேச. அந்த ஒரு நாளில்தான் நாங்கள் கோயிலுக்கும் கூப்பிடுகிறோம். காலைப் பூசைக்கு வந்த பெண்களில் சிலர் பிரசங்கத்தின்போது கண்ணயர்ந்துவிடுகிறார்கள். அவர்களைத் தட்டி எழுப்ப எனக்கு மனம் வருவதில்லை. ஆறு நாள் செக்கிங் மேஜைக்கு முன்னால் நின்ற கால்களுக்கு உட்காரக் கிடைத்த இடம் அது. ஆண்டவர் வீட்டில் பயமில்லாமல் தூங்க முடிகிறதே, அதுவும் விசுவாசம்தான் என்று நினைத்துக்கொள்கிறேன்.

சோமனூருக்கும் சாமளாபுரத்துக்கும் இடைப்பட்ட சிற்றூர் இது. பங்குக் கோயிலிலிருந்து தள்ளியிருக்கும் கிளை. சாமியார் எல்லா ஞாயிறும் வர முடியாது. அந்த நாட்களில் செபம் சொல்வது, நோயாளியைப் பார்ப்பது, சாவு வீட்டில் முன்னால் நிற்பது எல்லாம் உபதேசியார்தான். இப்போது அவருக்குத் துணையாக ஒரு குருமாணவர் வந்து தங்கியிருக்கிறார். குருமடத்துப் படிப்புக்கு நடுவில் மாணவர்களைக் கொஞ்சகாலம் மக்களோடு இருந்து வர அனுப்புவார்கள். அப்படி வந்தவர். ஊருக்கே அவர் பிரதர். தென்கடலோரத்துப் பிள்ளை. அவர் வேகமாகப் பேசினால் இங்கே பாதிப் பேருக்குப் பிடிபடாது. "கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க தம்பி" என்று பாட்டிமார் கேட்பார்கள். அவரும் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து சொல்வார்.

சாயங்கால வகுப்பில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவள் நான். இந்த வாரம் முழுக்க அவர் போகும் இடங்களுக்கெல்லாம் கூடவே போவது என்று முடிவு செய்திருக்கிறேன்.

செவ்வாய்

கருமத்தம்பட்டி இங்கிருந்து பக்கம். மறைக்கல்விப் புத்தகங்கள் வாங்க பிரதரோடு போனேன். கோவை, அவிநாசி சாலையில் லாரிகள் ஓயாமல் போய்க்கொண்டிருக்க, செபமாலை மாதா கோயில் வளாகம் மட்டும் தனக்கென்று ஒரு நிதானத்தோடு இருந்தது. 17ஆம் நூற்றாண்டில் மதுரை மிஷன் இயேசு சபையார் காலத்திலிருந்தே கிறிஸ்தவர்கள் இருக்கும் ஊர் இது. 2019இல் இந்தக் கோயிலுக்குப் பசிலிக்கா அந்தஸ்து கிடைத்தது.

எனக்கு இங்கே வந்தாலே நினைவுக்கு வருபவர் ஒருவர். மெல்கியோர் தெ மரியோன் பிரெசிலாக். 1846 அக்டோபர் 4, ஞாயிற்றுக்கிழமை, இதே கருமத்தம்பட்டியில் அவருக்கு ஆயர் பட்டம் நடந்தது. வயது 32. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்புதான் பிரான்சிலிருந்து கப்பலேறியிருந்தார். தெற்கு பிரான்சில் காஸ்தெல்நோதரி என்ற ஊர் அவருடையது. தகப்பனாருக்கு மகன் இவ்வளவு தூரம் போவதில் சம்மதமில்லை. மனம் மாறுவார் என்று காத்திருந்து பார்த்துவிட்டு, கடைசியில் வீட்டில் விடைபெற்றுக்கொள்ளாமலே பாரிஸ் அந்நிய வேதபோதக சபையில் சேரப் போய்விட்டார். 1842 ஏப்ரலில் கப்பலேறியவர் ஜூலையில் புதுச்சேரியில் இறங்கினார். தமிழ் படித்தார். சேலம் பக்கத்துக் கிராமங்களுக்கு அனுப்பப்பட்டார்.

அந்தக் காலத்து இளம் மிஷனரியின் ஒரு வாரத்தை நான் அடிக்கடி மனதில் ஓட்டிப் பார்ப்பதுண்டு. ரயில் இந்தப் பக்கம் வராத காலம். மாட்டுவண்டியிலோ குதிரையிலோ ஒரு கிராமம் போய்ச் சேர்ந்ததும் ஞானஸ்நானத்துக்குப் பிள்ளைகள் காத்திருக்கும். பாவசங்கீர்த்தனத்துக்குக் கூட்டம் நிற்கும். கல்யாணத்துக்கு ஓலை வாசிக்க வேண்டும். வரப்புத் தகராறு, வரதட்சணைத் தகராறு எல்லாமே சாமியாரிடம் வரும். காய்ச்சல்காரருக்கு அவர் கையில் இருக்கும் மருந்தைக் கொடுக்க வேண்டும். மறுநாள் விடிந்தால் அடுத்த ஊர். இத்தனைக்கும் கூட நிற்பவர் உபதேசியார். எந்த வீட்டில் எந்தத் தெருவழியாக நுழைவது, யார் யாரோடு பேசுவதில்லை, எந்தக் கிழவி சாகக் கிடக்கிறாள் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். 1773இல் இயேசு சபை கலைக்கப்பட்டு, குருக்களே அருகிப்போயிருந்த பல பத்தாண்டுகளில் கொங்குநாட்டுக் கிராமங்களில் மந்திரங்களைப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்வித்தவர்கள் இப்படிப்பட்ட ஆட்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும்தான். ஆயர்களின் வரிசை பளிங்கில் பொறித்திருக்கிறது. உபதேசியார்களின் வரிசையை யாரும் எங்கும் பொறித்து நான் பார்த்ததில்லை. இது எனக்கு ஆறாத வருத்தம்.

பிரெசிலாக்கை நான் மதிப்பதற்குக் காரணம் உள்ளூர் ஆட்களின் இந்தப் பங்கை அவர் கண்டுகொண்டவர் என்பதுதான். 1844 ஜனவரியில் புதுச்சேரியில் கூடிய மிஷனரிகளின் சங்கம் இந்த நாட்டுப் பிள்ளைகளைக் குருக்களாக உருவாக்குவதை முதல் வேலையாக எடுத்துக்கொள்ளத் தீர்மானித்தது. அடுத்த ஆண்டு ரோமிலிருந்து வந்த அறிவுறுத்தலும் அதையே வலியுறுத்தியது. புதுச்சேரிக் குருமடத்தின் பொறுப்பு அவரிடம் வந்தது. பல மிஷனரிகளுக்கு இந்த நாட்டுக் குரு என்றால் உதவியாள் மட்டுமே. பிரெசிலாக்குக்கு அப்படியில்லை. கோயில் சாவியை உள்ளூர்க் குருக்கள் கையில் கொடுத்துவிட்டு, வெளியிலிருந்து வந்தவர்கள் ஒதுங்கிக்கொள்ள வேண்டும், அதற்காகத்தான் வந்திருக்கிறோம் என்பது அவர் கட்சி. 1840களில், ஓர் ஐரோப்பியர், அதுவும் ஆயர், இப்படி நினைத்தார் என்பதை நான் சாதாரணமாகக் கடந்து போக முடியவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பிரதரிடம் இதையெல்லாம் சொன்னேன். புத்தகக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். "நான் போன பிறகு வகுப்பை யாரு நடத்துவாங்க?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

புதன் இரவு

வகுப்பு நடப்பது உபதேசியார் வீட்டை ஒட்டிய தாழ்வாரத்தில். பக்கத்தில் தறிக்குடோன். தறிச் சத்தத்துக்கு மேலே குரலெடுத்துத்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். கரண்ட் போய்விட்டால் சட்டென்று எல்லாம் அடங்கும். உடனே லைன் வீடுகளில் தூங்கிக்கொண்டிருந்த கைக்குழந்தைகள் விழித்துக்கொண்டு அழும். பிறந்தது முதல் அந்தச் சத்தத்திலேயே தூங்கிய பிள்ளைகள்.

சோமனூர் வட்டாரம் விசைத்தறிக்குப் பேர்போனது. பெரும்பாலும் கூலிக்கு ஓட்டும் தறிகள். பாவும் ஊடை நூலும் ஜவுளி உற்பத்தியாளர் கொடுப்பார். தறிக்காரர் நெய்து கொடுத்துக் கூலி வாங்குவார். 2022 தொடக்கத்தில், பேசி முடித்த கூலி உயர்வைக் கொடுக்கச் சொல்லிக் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் தறிகள் வாரக்கணக்கில் நின்றன. அந்தச் சமயத்தில்தான் இந்தத் தெருப் பெண்கள் பலர் பனியன் கம்பெனி வேனில் ஏறத் தொடங்கினார்கள். நாட்டின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கும் மேல் போவது இந்தத் திருப்பூரிலிருந்துதான். அங்கே கை வேண்டும். இங்கே வேலை வேண்டும். இப்போது அந்தக் கைகளும் போதாமல் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் என்று குடும்பம் குடும்பமாக வந்து லைன் வீடுகளில் குடியேறியிருக்கிறார்கள்.

வகுப்பில் ஒடியாப் பையன் ஒருவன். எட்டு வயதிருக்கும். அப்பாவும் அம்மாவும் கம்பெனியில். அவன் முன்னால் ஒரு சிலேட்டு. துடைக்கப் பனியன் வேஸ்ட். கட்டிங்கில் கழிந்த துண்டுகள், வெள்ளையும் ரோஜா நிறமுமாக ஒரு கூடை நிறைய உபதேசியார் மருமகள் கொண்டுவந்து வைத்திருக்கிறாள். பருத்தி என்பதால் ஈரத்தை நன்றாக இழுக்கிறது. பையன் 'அ' போட முயல்கிறான். சுழி சரியாக வருகிறது. வளைத்துக் கீழே இறக்கும்போது கோடு எங்கேயோ போய்விடுகிறது. துடைக்கிறான். மறுபடி சுழி, மறுபடி கோடு. பிரதர் அவன் கையைப் பிடித்து எழுதவைக்கவில்லை. தரையில் அவனுக்குப் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து, தன் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டார். தண்ணீரைக் காட்டினார், விளக்கைக் காட்டினார், கதவைக் காட்டினார். பையன் ஒவ்வொன்றுக்கும் தன் பாஷையில் பேர் சொன்னான். பிரதர் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டு திருப்பிச் சொன்னார். ஒன்றைத் தப்பாகச் சொன்னதும் பையன் விழுந்து விழுந்து சிரித்தான்; நிறுத்தி நிறுத்திச் சரியாகச் சொல்லிக்காட்டினான். அதற்குப் பிறகு 'அ' முழுதாக வந்தது. முதல் தடவையாக அவன் சிலேட்டை எல்லோருக்கும் தூக்கிக் காட்டினான்.

வந்த ஊரின் பாஷைக்கு முன்னால் பிள்ளையாக உட்காரத் தெரியாதவர் அங்கே யாருக்கும் எதையும் சொல்லிக்கொடுக்க முடியாது என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஈரோட்டில் லண்டன் மிஷனில் இருந்த ஹெர்பர்ட் பாப்ளியை நினைத்துக்கொண்டேன். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இளைஞராக வந்தவர். இங்கத்திய ராகங்களைக் கற்று, கீர்த்தனை பாடி, கதாகாலட்சேப முறையில் கிராமங்களில் வேதம் சொன்னார். இந்திய இசையைப் பற்றி அவர் எழுதிய ஆங்கிலப் புத்தகம் 1921இல் வந்தது. குறளிலிருந்து தேர்ந்தெடுத்த பாக்களை மொழிபெயர்த்து 1931இல் வெளியிட்டார். சொல்ல வந்த மனிதர் ஆயுள் முழுக்கக் கேட்டுக்கொண்டும் இருந்திருக்கிறார்.

வியாழன்

பகலெல்லாம் காகித வேலை. ஒருவருக்கு ஆதாரில் பேர் திருத்த வேண்டும். ஒரு அம்மாவுக்குப் பிஎஃப் பணம் எடுக்க வேண்டும். வேலை பார்த்த கம்பெனி பேர் நினைவிருக்கிறது, கணக்கு எண் இல்லை. பிரதர் பொறுமையாக எழுதிக்கொடுக்கிறார். ஒரு மிஷனரியின் வாரத்தில் பெரிய பங்கு இதற்குத்தான் போகிறது, போகவும் வேண்டும். படிவத்தில் ஒரு கட்டம் தப்பானால் நான்கு நாள் கூலி போய்விடும் மனிதருக்கு, அதைச் சரியாக நிரப்பிக் கொடுப்பவரின் கைதான் அன்றைக்கு ஆண்டவர் கை.

ஒடியாப் பையனைப் பள்ளியில் சேர்க்கவும் இன்றைக்குத்தான் போனோம். ஊரிலிருந்து டிசி கொண்டுவரவில்லை என்று அவன் தாய் தயங்கிக்கொண்டே இருந்தாள். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி மாற்றுச் சான்றிதழ் வரவில்லை என்பதற்காகச் சேர்க்கையைத் தள்ளிப்போடக் கூடாது. வயதுக்கு ஏற்ற வகுப்பில் உட்கார வைக்க வேண்டும். தலைமையாசிரியைக்கு இது தெரிந்தே இருந்தது. பையனைப் பக்கத்தில் கூப்பிட்டு, "பேரென்ன கண்ணு?" என்றார். அவன் தமிழில் பதில் சொன்னான். தாய் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அவளுக்கு அன்று அரை ஷிப்ட் சம்பளம் போனது.

வெள்ளி

கம்பெனி வேனில் எல்லோரும் நெருக்கியடித்து உட்கார்ந்து வருகிறார்கள். ஒரே பாட்டிலில் தண்ணீர் குடிக்கிறார்கள். வேனிலிருந்து இறங்கியதும் ஊர் ஒரு பக்கம் போகிறது, காலனி ஒரு பக்கம் போகிறது. இதை நான் பல வருடங்களாகப் பார்க்கிறேன். பழகவில்லை, பழகவும் கூடாது.

அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் அன்பியக் கூட்டம் இந்த வெள்ளிக்கிழமை காலனியில், அருந்ததியர் வீடொன்றில். வீடு வீடாக முறை வைத்து நடத்துவது என்று உபதேசியார் போன வருடமே சொல்லியிருந்தார். காலனியின் முறை வரும்போதெல்லாம் ஏதாவது காரணம் வந்து இடம் மாறும். இந்தத் தடவை அவர் மாற்றவில்லை. பிரதரும் மாற்றவேண்டாம் என்றார். ஊர்ப்பக்கத்திலிருந்து வந்தவர்கள் குறைவு. வந்தவர்கள் பாயில் உட்கார்ந்தார்கள். செபமாலை முடிந்ததும் வீட்டுக்கார அம்மா டம்ளர்களில் காபி கொண்டுவந்தாள். கொடுத்துவிட்டுப் போகாமல் அங்கேயே நின்றாள். எல்லோருடைய கையையும் பார்த்தாள். "குடிங்க, ஆறிப்போயிருமுங்க" என்றாள். குடித்தார்கள். பெரிய மாற்றம் நடந்துவிட்டதாக எழுத மாட்டேன். வராதவர்களை நான் மறக்கவில்லை. ஆனால் அவள் நின்ற நிலை எனக்கு முக்கியம். இனி அடுத்த முறையும் தன் வீட்டைத் தாண்டிப் போக அவள் விடமாட்டாள்.

பிரெசிலாக்கின் நெஞ்சை அறுத்ததும் இந்த இடம்தான். இந்த நாட்டு வழக்கங்களில் எதை அனுமதிப்பது, எதைத் தடுப்பது என்பதில் நூறாண்டுக்கும் மேலாகச் சண்டை நடந்து, 1744இல் பதினான்காம் ஆசீர்வாதப்பர் பாப்பரசர் ஒரு முடிவைக் கட்டளையாக வெளியிட்டார். இங்கே வந்த ஒவ்வொரு மிஷனரியும் அதற்குக் கட்டுப்படுவதாகச் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. கிராமத்தில் இறங்கிப் பார்த்தால் சத்தியம் ஒன்று சொல்கிறது, சாதி ஒன்று சொல்கிறது, கூட வேலை செய்யும் குருக்கள் ஆளுக்கொரு விதமாக நடக்கிறார்கள். மற்றவர்கள் இதை எப்படியோ சமாளித்துக்கொண்டார்கள். அவரால் முடியவில்லை. ரோமுக்கு எழுதினார், தெளிவு கேட்டார், நேரிலும் போனார். கேட்ட தெளிவு கிடைக்கவில்லை. 1850இல் கோவை தனி விகாரியாத்து ஆகி அவர் அதன் பொறுப்பை ஏற்றிருந்தார். 1855இல் அவருடைய பதவி விலகல் ஏற்கப்பட்டது.

அதற்குப் பிறகு அவர் வீட்டுக்குப் போய் உட்காரவில்லை. 1856 டிசம்பர் 8 அன்று லியோன் நகரத்தில் ஆப்பிரிக்க மிஷன் சபையைத் தொடங்கினார். 1859 மே மாதம் சியரா லியோனின் ஃப்ரீடவுனில் போய் இறங்கினார். ஊரில் மஞ்சள் காய்ச்சல் பரவியிருந்தது. ஜூன் 25 அன்று, இறங்கிய ஆறு வாரத்துக்குள், அவரும் இறந்துபோனார். வயது 45.

அவர் கொங்குநாட்டில் தோற்றுப்போனார் என்று எழுதுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. தப்பு என்று மனது சொன்னதைப் பதவிக்காக விழுங்காமல் எழுந்து போனவர் அவர். அதுவும் ஒரு உபதேசம், பிரசங்க மேடையிலிருந்து செய்ய முடியாத உபதேசம். அவர் கேட்டதும் கடைசியில் நடந்தது. 1940இல் உபகாரசாமி என்ற தமிழர் கோவை ஆயரானார். அதே 1940இல் அந்தச் சத்தியமும் நீக்கப்பட்டது. பிரெசிலாக் இருந்து பார்க்கவில்லை.

இரவு இதை எழுதிக்கொண்டிருக்கும்போது, காபி கொடுத்த அம்மாவுக்கு முன்னால் இந்தத் தேதிகளையெல்லாம் வைத்தால் என்ன சொல்வாள் என்று யோசித்தேன். சத்தியம் போய் எத்தனை வருடமானாலும் காலனி இன்னும் காலனியாகத்தானே இருக்கிறது என்பாள். அவள் கேட்பது நியாயம். மறைமாவட்டத்துக்குத் தமிழ் ஆயர் வந்ததும் வேலை முடிந்துவிடவில்லை. உள்ளூர்க்காரர் கைக்குச் சாவி வரும்போது, உள்ளூரில் யார் கைக்கு வருகிறது என்ற கேள்வியும் கூடவே வருகிறது.

சனி

சம்பள நாள். கடைகளில் பாக்கி தீர்ப்பவர்கள், கறிக்கடையில் நாளைக்குச் சொல்லிவைப்பவர்கள். வேன் வந்து நிற்க ஒன்பது மணி ஆனது. பிரதர் அடுத்த வாரம் குருமடத்துக்குப் போய்த் திரும்ப வேண்டும், வர நாளாகும். வகுப்பை யாரிடம் ஒப்படைப்பது என்று உபதேசியார் வீட்டில் பேச உட்கார்ந்தோம்.

பேச்சுக்கு நடுவில் காலனியிலிருந்து ஒரு பெண் வந்தாள். நேற்றுக் காபி கொடுத்த அம்மாவின் மகள். பிளஸ் டூ முடித்தவள், கம்பெனியில் செக்கிங். இன்னும் அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றவில்லை. வகுப்பைத் தான் நடத்துவதாகச் சொன்னாள். பணிவாகக் கேட்கவில்லை, முடிவு செய்துவிட்டு வந்திருந்தாள்.

"ஆனா நேரத்தை மாத்தோணுமுங்க" என்றாள். "ஏழு மணிக்கு வெச்சா எங்கள மாதிரி ஆளுங்க யாரு வரதுங்க? ஒன்றரை ஷிப்ட் விட்டு வேன் வந்து சேர ஒம்பது ஆயிருது."

உபதேசியார் தலையாட்டிக்கொண்டே கேட்டார். சின்னப் பிள்ளைகளுக்கு ஆறு மணிக்கு அவர் மருமகள் எழுத்துச் சொல்லிக்கொடுக்கட்டும், வேலைக்குப் போகும் பையன்களுக்கும் பெண்களுக்கும் ஞாயிற்றுக்கிழமை தான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். பிரதர், "பூசை முடிஞ்சதும் வச்சிரலாமா?" என்று கேட்டார்.

"இல்லீங்க பிரதர். அப்பத்தான் துணி தொவைக்கிறது. மூணு மணிக்கு வெக்கிறேன். கடைவீதிக்குப் போறவங்க போயிட்டு வந்துருவாங்க." கொஞ்சம் நிறுத்தி, "எடமும் இங்க வேண்டாமுங்க. எங்க வீட்டு முன்னால வெக்கிறேன். அங்கயும் வந்து படிக்கட்டும்."

யாரும் உடனே பேசவில்லை. மருமகள்தான் எழுந்து போய் சிலேட்டுக் கட்டில் பாதியைப் பிரித்து எடுத்துவந்து அவள் முன்னால் வைத்தாள். பனியன் வேஸ்ட் கூடையிலிருந்தும் ஒரு பை நிரப்பிக் கொடுத்தாள்.

பிரதர் தன்னுடைய நோட்டை, ஒடியா வார்த்தைகள் எழுதிய அதே நோட்டை, அவளிடம் நீட்டினார். அவள் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "இது நீங்களே வெச்சுக்கங்க. மூணாவது லைன்ல ஒரு ஒடியா அக்கா இருக்குது, அவங்க பாஷையில நல்லா எழுதப் படிக்கத் தெரியும். அந்த அக்காவும் சொல்லிக்குடுக்க வந்தா அந்தப் புள்ளைங்க ரெண்டு எழுத்தும் படிச்சுக்கும். நீங்க போறதுக்குள்ள ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போயிருங்க. நான் கேட்டா வெக்கப்படும்."

"அவங்க எப்ப வீட்ல இருப்பாங்க?"

"நாளைக்கு மத்தியானம். சமைச்சு முடிச்சதும் போங்க."

பிரதர் நோட்டில் மூன்றாவது லைன், மத்தியானம் என்று குறித்துக்கொண்டார்.